கடையில் வாங்கிய லோரியும் கையால் செய்த லோரியும்



தமிழ்ப்பள்ளியில் ஆசிரியனாகப் பணியேற்று இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டேன். இத்தனை ஆண்டுகளில் எண்ணற்ற பயிற்சிப் புத்தகங்களைத் திருத்தியிருக்கிறேன். எண்ணற்ற மதிப்பெண்களை இட்டிருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை நினைவில் இல்லை. ஒரு மதிப்பெண் மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நிற்கிறது. அது நூற்றுக்கு 55.

2006-ஆம் ஆண்டு அது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு வாழ்வியல் திறன் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பயன்படுத்திக் கழித்த பொருள்களைக் கொண்டு ஒரு வாகனம் செய்து வருமாறு பணித்திருந்தேன். குறித்த நாளில் என் மேசைமீது இரண்டு லோரிகள் அருகருகே நின்றன. ஒன்று மெல்லிய பலகையால் ஆனது. வழுவழுப்பாகச் சாயம் பூசி, எண் பலகையெல்லாம் ஒட்டி, கண்ணைப் பறித்தது. அதில் பதினொரு வயதுப் பிள்ளையின் கை பட்டிருக்காது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. மற்றொன்று பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்தது. விளிம்புகள் எல்லாம் கோணல். பழைய ரப்பர்ச் செருப்பை வட்டமாக அறுத்துச் சக்கரங்களாக்கி இருந்தான் அந்த மாணவன். பின்சக்கரங்கள் தகரத்தில் உரசின. தள்ளினால் ஓடவில்லை.

முதல் லோரிக்கு 90 மதிப்பெண் இட்டேன். இரண்டாவதற்கு 55. அதோடு நின்றேனா? "ஓடாத லோரி என்ன லோரி?" என்றும் கேட்டுவிட்டேன். அவன் மெல்லிய குரலில், "எங்கப்பா லோரியில பின்னால ரெண்டு ரெண்டு டயர் சார். அதான் ஒரசுது," என்றான். நான் அடுத்த மாணவனின் பெயரை அழைத்துவிட்டேன்.

அவனுடைய தந்தை, தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லோரியின் ஓட்டுநர். என் தந்தையும் அதே தொழிலைச் செய்து என்னைப் படிக்க வைத்தவர்தாம். இருந்தும் அன்று அவன் சொன்னது என் காதில் ஏறவில்லை. அது ஏறுவதற்குப் பதினேழு ஆண்டுகளும் ஒரு மாதிரி லோரியும் தேவைப்பட்டன. அந்தக் கதையைச் சொல்லி, அதிலிருந்து எனக்குப் பிறந்த கருத்தை உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைக்கு வந்த லோரி

2023-ஆம் ஆண்டு, நண்பர் ஒருவர் வீடு மாறிச் செல்கையில், தாம் பயன்படுத்திவந்த மாதிரி லோரி ஒன்றை என் மகனுக்குத் தந்தார். அப்பொழுது அவனுக்கு வயது 12. வானலைக் கட்டுப்பாட்டால் இயங்கும் லோரி அது. விளையாட்டுப் பொருள் கடையில் தொங்கும் நெகிழி வண்டியை எண்ணிவிட வேண்டாம். உண்மையான லோரியைப் பதினான்கில் ஒரு பங்காகச் சுருக்கிய அளவு. ஜப்பானின் சிசுவோக்கா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் இந்த அளவிலான லோரிகளைப் பாகங்களாகப் பெட்டியில் அடைத்து விற்கிறது. வாங்குபவரே பூட்டிக்கொள்ள வேண்டும். அடியில் இரண்டு அலுமினியச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், பட்டைவில்கள், மூன்று வேகங்கள் கொண்ட பற்சக்கரப் பெட்டி என யாவும் உண்மை லோரியில் உள்ள முறையிலேயே அமைந்திருக்கும்.

ஆனால், அதன் தலைப்பகுதி ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் ஓடும் இழுவை லோரியின் தோற்றத்தில் இருந்தது. மகனுக்கு அது நிறைவளிக்கவில்லை. "இது தாத்தா ஓட்டின லோரி மாதிரி இல்லையேப்பா," என்றான். எங்களோடு வாழும் என் தந்தைக்கு வயது எழுபத்தெட்டு. அவர் தம் பேரனுக்குச் சொல்லும் கதைகளில் பாதி லோரிக் கதைகள். குலைகளைச் சுமந்து, வலை போர்த்தி, செம்மண் சாலையில் ஆடி அசைந்து செல்லும் தோட்ட லோரிதான் அவன் அறிந்த லோரி. நாங்கள் தேடிய கடைகளில் அத்தகைய மாதிரி கிடைக்கவில்லை. "அப்ப நாமே செய்வோம்," என்றான். அந்த ஒரு சொல்லில் தொடங்கியது ஓராண்டுப் பாடம்.

பதினான்கால் வகுத்த கணக்கு

முதல் வேலை அளவெடுத்தல். தந்தைக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவரிடம் இசைவு பெற்று, ஞாயிற்றுக்கிழமை காலையில் அளவு நாடாவோடு சென்றோம். சுமைப்பெட்டியின் நீளம் 4.9 மீட்டர். பதினான்கால் வகுத்தால் 35 சென்டிமீட்டர். அகலம் 2.4 மீட்டர். வகுத்தால் 17.1 சென்டிமீட்டர். மகன் மகிழ்ச்சியோடு வகுத்துக்கொண்டே வந்தான். பின்னர், "தாத்தா, இந்த லோரி எவ்வளவு பாரம் ஏத்தும்?" என்று கேட்டான். "பத்து டன்னுன்னு வச்சுக்கயேன்," என்றார் அவர்.

10,000 கிலோகிராமை 14-ஆல் வகுத்தான். 714 கிலோகிராம் வந்தது. எழுதிவிட்டுத் திகைத்து நின்றான். மேசைமேல் நிற்கும் லோரி 714 கிலோகிராமைச் சுமக்குமா? எங்கோ பிழை இருக்கிறது என்பது அவனுக்கே விளங்கியது. நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, நீளம், அகலம், உயரம் மூன்றுமே பதினான்கு மடங்கு சுருங்குவதை அவனே ஒரு தாளில் வரைந்து கண்டுபிடித்தான். 14-ஐ 14-ஆல் பெருக்கி, மீண்டும் 14-ஆல் பெருக்க 2,744. பத்து டன்னை 2,744-ஆல் வகுக்க, ஏறக்குறைய 3.64 கிலோகிராம். இருபது கிலோகிராம் எடையுள்ள ஒரு செம்பனைக் குலை வெறும் 7.3 கிராம் ஆகிவிடுகிறது.

அவன் கொள்ளளவுக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்குபவன். நீளத்தை அகலத்தாலும் உயரத்தாலும் பெருக்க வேண்டும் என்ற விதியை ஒப்பிப்பான். அந்த விதி எதற்காக இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தான். அவனுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்கும் அது ஒரு பாடமாக அமைந்தது.

ரம்பம் தின்ற மில்லிமீட்டர்கள்

சுமைப்பெட்டியின் சட்டங்களை அலுமினியப் பட்டையில் அறுத்தோம். ஒரே பட்டையில் நான்கு துண்டுகளுக்கும் அடுத்தடுத்துக் கோடு கிழித்துவிட்டு அறுத்தான். ஒட்டிப் பார்த்தால் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒவ்வொரு முறை அறுக்கும்போதும் ரம்பத்தின் பற்கள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் உலோகத்தைத் தூளாக்கிவிடுகின்றன. ஒரு மில்லிமீட்டர் என்ன பெரிதா என்று கேட்கலாம். இந்த லோரியில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் உண்மை லோரியில் 14 மில்லிமீட்டர் பிசகியதற்கு ஒப்பாகும். கதவு மூடாது.

அடுத்துத் துளையிடுதல். துளைக்கும் ஊசி உலோகத்தின்மேல் வழுக்கி ஓடிற்று. மூன்று துளைகள் மூன்று பக்கம் போயின. தோட்டத்துப் பட்டறையில் முன்னர் வேலை பார்த்த முதியவர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தபோது பார்த்துச் சிரித்தார். முதலில் கூரிய முனையை வைத்துச் சுத்தியலால் தட்டிச் சிறு குழி உண்டாக்க வேண்டும். அக்குழியில் ஊசி நின்றால் வழுக்காது என்று காட்டிக் கொடுத்தார். 3 மில்லிமீட்டர் திருகாணிக்கு உலோகத்திலேயே மரை வெட்டுவதாக இருந்தால் 2.5 மில்லிமீட்டர் துளைதான் இட வேண்டும் என்பதையும் சொன்னார். 3 மில்லிமீட்டருக்கே துளையிட்டால் மரை பிடிப்பதற்கு உலோகம் எங்கே மிஞ்சும்? பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத அம்முதியவர் அரை மணி நேரத்தில் கற்பித்ததை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

பின்கதவிலும் ஒரு பிழை நேர்ந்தது. கீழ்ப்பக்கம் கீல் வைத்து மகன் செய்திருந்தான். தாத்தா பார்த்துவிட்டு, "கொட்டுற லோரிக்கு மேலதான்டா கீல் இருக்கணும். பெட்டி தூக்கறப்போ கதவு தானா தொறக்கும்," என்றார். மகன் கதவைக் கழற்றிப் புதிதாகச் செய்தான்.

பட்டைவில்லைப் பொதி கட்டும் எஃகுப் பட்டையில் வெட்டினோம். மூன்று பட்டைகளையும் ஒரே நீளத்தில் அடுக்கியபோது வில் வளையவே இல்லை. லோரி மரக்கட்டைபோல் குதித்தது. உண்மை லோரியின் அடியில் குனிந்து பார்த்த பிறகே, நீண்ட பட்டையின் கீழ் அடுத்தடுத்த பட்டைகள் படிப்படியாகக் குட்டையாகிச் செல்வதைக் கவனித்தான். அவ்வாறே வெட்டி அடுக்கினான். வில் வளைந்து கொடுத்தது.

வெயிலில் வளைந்த பாகம்

சக்கர மூடிகளைத் தாங்கும் கைகளை முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்யலாம் என்று முடிவு செய்தோம். 2005-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் என்பவர் ரெப்ரேப் என்னும் திட்டத்தைத் தொடங்கினார். தன்னுடைய பாகங்களைத் தானே அச்சிடக்கூடிய அச்சுப்பொறி ஒன்றை உருவாக்கி, அதன் வரைபடங்களை எல்லாருக்கும் இலவசமாக வழங்குவதே அதன் நோக்கம். முப்பரிமாண அச்சுப்பொறி வீடுகளுக்குள் வந்து சேர்ந்ததில் அத்திட்டத்திற்குப் பெரும்பங்குண்டு. நண்பர் ஒருவரின் வீட்டில் அத்தகைய பொறி இருந்தது. மகன் டிங்கர்கேட் என்னும் இலவச இணையச் செயலியில் பாகத்தை வரைந்தான்.

'கணினியில் வரைந்து பொத்தானை அழுத்தினால் பாகம் வந்துவிடும். இதில் கற்க என்ன இருக்கிறது?' என்று நானும் எண்ணினேன். முதலில் அச்சான பாகத்தில் 3 மில்லிமீட்டர் துளைக்குள் 3 மில்லிமீட்டர் திருகாணி நுழையவில்லை. உருகிய நெகிழி ஆறும்போது துளை சற்றே சுருங்கிவிடுகிறது. இரண்டாவது பாகம் லோரி ஒரு கல்லில் ஏறி இறங்கியதும் இரண்டாகப் பிளந்தது. நெகிழியை அடுக்கடுக்காக இட்டுச் செய்வதால், அடுக்குகளுக்கு இடையில்தான் வலிமை குறைவு. நிறுத்தி அச்சிட்டதைப் படுக்க வைத்து அச்சிட்டான், பாகம் தாங்கியது. மூன்றாவதைக் காரின் முன்கண்ணாடி ஓரத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வந்தோம். நம் நாட்டு வெயில் சும்மா விடுமா? திரும்பி வந்தபோது அப்பளம்போல் வளைந்து கிடந்தது. பி.எல்.ஏ. என்னும் அந்த நெகிழி, ஏறக்குறைய 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கிவிடும். ஏ.பி.எஸ். என்னும் வகை 100 பாகை வரை தாக்குப் பிடிக்கும். நான்காவது பாகமே லோரியில் ஏறியது.

பெட்டியைத் தூக்கும் அமைப்பும் இப்படித்தான். எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் சிறு அமைப்புகள் விற்பனைக்கு உண்டு. விலை எங்களுக்கு எட்டாது. எனவே, 5 மில்லிமீட்டர் திருகுத்தண்டு ஒன்றைச் சிறு மின்னோடியால் சுழற்றினோம். அத்தகைய தண்டு ஒரு சுற்றுக்கு 0.8 மில்லிமீட்டர் நகரும். 60 மில்லிமீட்டர் தள்ள வேண்டுமானால் 75 சுற்றுகள். நிமிடத்திற்கு 100 சுற்றுச் சுற்றும் மின்னோடிக்கு 45 விநாடி ஆகும். கணக்குச் சரியாக வந்தது. ஆனால், பெட்டி எழும்பவில்லை. தண்டு ஏறக்குறையப் படுத்த நிலையில் இருந்தால் தள்ளும் விசை முன்னோக்கிப் போகுமேயன்றி மேல்நோக்கிப் போகாது. தண்டின் அடிப்பகுதியைச் சட்டத்திற்குக் கீழே இறக்கிச் சாய்வைக் கூட்டிய பிறகு, பெட்டி முனகிக்கொண்டே எழுந்தது. அன்று இரவு என் தந்தை ஐந்து முறை அதைத் தூக்கி இறக்கிப் பார்த்தார்.

நான் செய்த தவறு

இவ்வளவும் படித்த நீங்கள், 'நல்ல தந்தை' என்று என்னைப் பற்றி எண்ணியிருக்கக்கூடும். அதற்கு முன், இடையில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

சுமைப்பெட்டியைச் சட்டத்தோடு இணைக்கும் தகட்டை மகன் மூன்று நாள்களாக அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் சாய்ந்தே வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அவன் உறங்கிய பிறகு, இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து, அளவுகோலை வைத்துப் பார்த்துப் பார்த்து நானே அதை நேராக்கினேன். காலையில் எழுந்து மகிழ்வான் என்று நினைத்தேன். அவன் தகட்டைக் கையில் எடுத்தான், திருப்பிப் பார்த்தான், மேசைமேல் வைத்தான். "இது நான் செஞ்சது இல்லப்பா. மீதியையும் நீங்களே செஞ்சிடுங்க," என்றான். அதன் பிறகு இரண்டு வாரம் அவன் லோரியைத் தொடவில்லை.

என் தந்தை அதைக் கவனித்துக்கொண்டேயிருந்தார். ஒரு மாலை என்னை அழைத்து, "நீ சின்னப் பிள்ளையா இருக்கறப்போ பால்டின்னுல லோரி செய்வ. அதுக்கு ஆணிதான்டா நான் குடுத்தேன். கோணலா இருக்குன்னு என்னைக்காச்சும் கை வச்சேனா?" என்று கேட்டார். விடை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நாள் முழுதும் லோரி ஓட்டிக் களைத்து வந்த அவருக்கு அந்தப் பொறுமை இருந்தது. கற்பித்தலில் பட்டயமும் பட்டமும் பெற்ற எனக்கு இல்லாமற் போயிற்று.

மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் நேராக்கிய தகட்டைத் தூர எறிந்துவிட்டுப் புதிய தகடு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அவன் மீண்டும் முதலிலிருந்து தேய்த்தான். இன்றும் அந்த லோரியில் இருப்பது அந்தத் தகடுதான். சற்றே சாய்வாகத்தான் இருக்கிறது. பெட்டி நன்றாகவே எழுகிறது.

நம் பள்ளிகளில் நடப்பது என்ன?

அன்பர்களே, அந்த இரவில் நான் செய்ததைத்தான் நம்மில் பலர் ஆண்டுதோறும் செய்துகொண்டிருக்கிறோம். வாழ்வியல் திறன் பாடம் போய், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் வந்துவிட்டது. பெயர் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. பிள்ளை செய்ய வேண்டிய செயல்திட்டத்தைத் தாய் ஒட்டுகிறார், தந்தை வெட்டுகிறார், இருவருக்கும் நேரமில்லை என்றால் கடையில் வாங்கி அனுப்புகிறார்கள். ஆசிரியர்களாகிய நாம் அதை அறிந்தே அதிக மதிப்பெண் இடுகிறோம். கண்காட்சியில் முன்வரிசையில் வைக்கிறோம். தானே செய்த பிள்ளையின் கோணல் பொருளைப் பின்வரிசைக்குத் தள்ளுகிறோம். இதைக் காணும் பிள்ளைகள் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: தானே செய்வதைவிடப் பிறர் செய்ததைக் கொடுப்பதே மேல். இப்படி ஒரு பாடத்தை நாம் எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதவில்லை. ஆயினும், மிகத் திறமையாகக் கற்பித்து வருகிறோம்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. தேர்வு போய்விட்டது, தேர்வு மனப்பான்மை போகவில்லை. முடிவு அழகாக இருக்க வேண்டும் என்பதே நம் கவலை. பிள்ளை எத்தனை முறை பிழை செய்தது, ஒவ்வொரு பிழையிலும் என்ன கண்டுபிடித்தது என்பதைக் கேட்பார் இல்லை.

சில பெற்றோர், "படிக்கிற பிள்ளைக்கு எதற்கு ஐயா ரம்பமும் அரமும்? அது படிக்காதவன் வேலை," என்கின்றனர். இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை நான் அறிவேன். தோட்டத்தில் உடலுழைப்பால் தேய்ந்த நம் முன்னோர், தம் பிள்ளைகளாவது மேசை முன் அமர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று கனவு கண்டனர். அக்கனவில் பிழையில்லை, அதனால்தான் நான் ஆசிரியன் ஆனேன். ஆனால், அதே தோட்டத்துப் பட்டறையில் இரும்பை வளைத்தும் பழுது பார்த்தும் பாகங்களைச் செய்தும் வாழ்ந்தவர்களின் அறிவை, அறிவே அன்று என ஒதுக்கியது நாம் செய்த பெரும்பிழை. துளை இடுவதற்கு முன் குழி தட்டச் சொன்ன முதியவர் படிக்காதவரா?

மொழியாசிரியன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். திருக்குறளின் பண்புடைமை அதிகாரத்தில் அரத்தின் கூர்மை உவமையாக வருகிறது. என் மாணவர்கள் அக்குறளைப் பிழையின்றி ஒப்புவித்துப் பரிசும் பெற்றிருக்கிறார்கள். அரம் என்ற கருவியைக் கையில் பிடித்தவர் எத்தனை பேர் என்று வகுப்பில் கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. அரம், மரை, கீல், அச்சு, பற்சக்கரம் ஆகிய சொற்கள் நம் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதலில் மட்டும் வாழ்கின்றன. கையில் பொருள் இருந்தால்தான் வாயில் சொல் நிலைக்கும். மரையும் கீலும் என் மகன் வாயில் இன்று இயல்பாக வருகின்றன என்றால், அதற்கு நான் நடத்திய இலக்கணப் பாடம் காரணமன்று.

செலவு ஆகுமே என்பார்கள். உண்மைதான். இந்த மாதிரி லோரிகள் விலை மிகுந்தவை. எங்களுக்கு அன்பளிப்பாகக் கிடைத்திராவிட்டால் நாங்களும் வாங்கியிருக்க மாட்டோம். ஆனால், மேலே நான் கூறிய பாடங்களில் எதற்கும் விலையுயர்ந்த லோரி தேவையில்லை. பால்டின்னும் செருப்புத் துண்டும் போதும். அளவெடுத்தல், சுருக்குதல், வெட்டுதல், பொருந்தாமை, காரணம் தேடல் ஆகிய ஐந்தும் அதிலும் உண்டு. ஆபத்து ஆயிற்றே என்பார்கள். துளையிடும் பொறியைப் பெரியவர் பிடிக்கட்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிவிக்கட்டும். லித்தியம் மின்கலத்தை மின்னேற்றும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். துணை நிற்பது வேறு, பறித்துக்கொள்வது வேறு.

என் பள்ளியில் இப்போது நான் கடைப்பிடிக்கும் முறைகள் சிலவற்றைக் கூறுகிறேன். செய்து முடித்த பொருளோடு, சரியாக வராத பாகங்களையும் ஒரு பையில் இட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன். அந்தப் பைக்கும் மதிப்பெண் உண்டு. 'இது ஏன் சரியாக வரவில்லை?' என்று ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு கேள்வி கேட்கிறேன். தானே செய்த பிள்ளை நிறுத்தாமல் பேசுகிறது. வாங்கி வந்த பிள்ளை தரையைப் பார்க்கிறது. யார் செய்தது என்று விசாரிக்க வேண்டிய தேவையே இல்லை. முடிந்த அளவு வேலையை வகுப்பிலேயே செய்ய வைக்கிறேன். பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டுதாம். பிள்ளை கேட்டால் மட்டும் பிடித்துக் கொடுங்கள். 'முடிஞ்சுதா?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'இன்னிக்கு என்ன கண்டுபிடிச்ச?' என்று கேளுங்கள்.

இரண்டு மில்லிமீட்டர் வளையம்

2024-ஆம் ஆண்டு நடுவில் லோரி முழுமை பெற்றது. களிமண்ணில் நாற்பது செம்பனைக் குலைகளை உருட்டிச் சிவப்புச் சாயம் பூசியிருந்தான் மகன். முழுச் சுமைக்கு ஐந்நூறு குலைகள் வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டு, மீதி எடைக்கு அடியில் சரளைக்கல் பையை வைத்து மறைத்துவிட்டான். தாத்தா நாற்காலியில் அமர்ந்திருக்க, வீட்டு வாசலில் லோரியைக் கிளப்பினான். சுமை ஏற்றியதும் லோரி நகரவில்லை. மின்னோடி உறுமியது; சக்கரம் சுழலவில்லை.

குனிந்து பார்த்தோம். பின்னால் இரட்டைச் சக்கரங்கள். சுமையில் பட்டைவில் தாழ்ந்ததும், உட்பக்கச் சக்கரம் நாங்கள் செய்து மாட்டிய வில்லின் பிடிப்பில் உரசிக்கொண்டிருந்தது.

மகன் சிறிது நேரம் யோசித்தான். அச்சுக்கும் சக்கரத்திற்கும் இடையில் இரண்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள வளையம் ஒன்றைச் செருகினான். சக்கரம் வெளியே தள்ளியது. லோரி ஓடியது. தந்தை கைதட்டினார். நான் கைதட்ட மறந்து நின்றேன். "ரெண்டு ரெண்டு டயர் சார். அதான் ஒரசுது" என்ற குரல் என் காதில் விழுந்துகொண்டிருந்தது.

அந்தப் பதினொரு வயது மாணவன் தன் தந்தையின் லோரியை உற்று நோக்கியிருந்தான். பின்னால் இரட்டைச் சக்கரம் இருப்பதைக் கண்டு, அதை அப்படியே செய்ய முயன்றிருந்தான். பிழை எங்கே என்பதையும் தானே அறிந்திருந்தான். ஏன் என்பதையும் எனக்குச் சொன்னான். பலகை லோரிக்காரனின் வண்டியில் பின்னால் ஒற்றைச் சக்கரம்தான் இருந்தது. அதனால்தான் அது ஓடியது. 2006-ஆம் ஆண்டில் அந்த மாணவனுக்குத் தேவைப்பட்டது இரண்டு சிறு வளையங்களும், 'அப்படியானால் என்ன செய்யலாம்?' என்று ஆசிரியரிடமிருந்து ஒரு கேள்வியும்தான். நான் கொடுத்ததோ 55.

அவன் இன்று எங்கிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அந்த மதிப்பெண்ணை இனித் திருத்தவும் இயலாது. ஆனால், இவ்வாண்டும் என் மேசைமேல் லோரிகள் வந்து நிற்கும். உங்கள் மேசைகளிலும் நிற்கும். அவற்றுள் ஒன்று கோணலாக இருக்கும், ஓடாமலும் இருக்கலாம். மதிப்பெண் இடுவதற்கு முன், அதைச் செய்த பிள்ளை சொல்வதை ஒரு நிமிடம் செவிமடுப்போம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்